நெடுஞ்சாலையில் வேகமும் மரியாதையும்

2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகாவே வெளியிட்ட கணக்கு இது. நாள் ஒன்றுக்கு 460 பேருக்கு மேல் ஆகிறது. மறு வருஷத்திலாவது இத்தொகை குறைந்ததா என்றால் அதுவும் இல்லை; 1,72,000-ஐத் தாண்டிவிட்டது. விபத்துக்களின் எண்ணிக்கையில் 2022-ல் இந்தியாவிலேயே முதல் ஸ்தானம் நமது தமிழ் நாட்டுக்குக் கிடைத்தது. இங்கே அவ்வருஷம் நேர்ந்தவை 64,105 விபத்துக்கள். மாண்டவர்கள் 17,884 பேர். சராசரியாகத் தினம் 49 பேர் என்று கொள்ளலாம்.

1956-ம் வருஷம் நவம்பரில் அரியலூருக்கு அருகே பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேசம் முழுவதும் துக்கம் கொண்டாடியது. ரயில்வே மந்திரியாக இருந்த ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பை ஏற்று ராஜினாமா செய்தார். இன்று தமிழ் நாட்டுச் சாலைகளில் மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஓர் அரியலூர் நடந்து வருகிறது. ஆயினும் எந்த மந்திரியும் ராஜினாமா செய்வதில்லை; செய்ய வேண்டும் என்று எவரும் கேட்பதும் இல்லை. ஒரே இடத்தில் நூறு பேர் மாண்டால் அது விபரீதம். நூறு இடங்களில் ஒவ்வொருவராக மாண்டால் அது தலைவிதி. இப்படி எண்ணப் பழகிவிட்டோம். இந்த மனப்பான்மையே முதல் வியாதி என்று நாம் கருதுகிறோம்.

பெரிய அரசியல் பிரச்னைகள் எத்தனையோ இருக்க, மோட்டார் ஓட்டும் விதத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சாலை என்பது ராஜ்யத்தின் மிகச் சிறிய மாதிரி. சட்டம், அதிகாரம், பலவான், பலவீனன், பிறர் உரிமை, தன் அவசரம் ஆகிய எல்லாம் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் சந்திக்கின்றன. சாலையில் பிறனுக்கு வழிவிடத் தெரியாத ஜனசமூகம் சட்டசபையிலும் வழிவிடத் தெரியாமல்தான் நடந்து கொள்ளும்.

ஆரணி, போளூர் பிரதேசத்தையே எடுத்துக் கொள்வோம். ஆற்காட்டிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி மார்க்கமாக விழுப்புரம் செல்லும் சாலை ஒன்று. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் தேசிய நெடுஞ்சாலை மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் கிளைச் சாலைகளில்தான் பட்டுத் தறிகள் நிறைந்த கிராமங்கள் இருக்கின்றன. நெசவாளி பாவும் பட்டும் வாங்கவும், நெய்த சேலையை ஒப்படைக்கவும் இரு சக்கர வண்டியில் இச்சாலைகளில்தான் வந்து போகிறான். நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் ஆரணி அரிசி ஆலைகளுக்குச் செல்வதும் இவற்றிலேதான். பௌர்ணமிதோறும் கிரிவலம் செய்யப் புறப்பட்ட கார்களும் பஸ்களும் விரைவதும் இவ்வழியேதான். போளூருக்கும் ஆரணிக்கும் இடையே சாலையிலிருந்து சற்று விலகினால் திருமலை இருக்கிறது. ஏறக்குறைய 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருவுருவமும், குந்தவைப் பிராட்டியின் பெயரால் வழங்கும் ஜினாலயமும், ராஜேந்திர சோழனின் திக்விஜயத்தைக் கூறும் சாஸனமும் கொண்ட மலை அது. எறும்புக்கும் தீங்கு நினையாத கொல்லாமை தர்மத்தை ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் போற்றிவரும் அந்த மலையைச் சுற்றியுள்ள சாலைகளில் மனித உயிருக்கு இன்று என்ன மதிப்பு இருக்கிறது? 2022-ல் தேசம் முழுவதும் சாலையில் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். அதாவது பட்டு நெசவாளி, பால்காரர், பள்ளி உபாத்தியாயர், சிறு வியாபாரி ஆகியோர். மோட்டாரின் வேகத்தால் லாபமடைபவர் ஒருவர். அதற்கு உயிரைக் கொடுப்பவர் வேறொருவர்.

மேற்கூறிய சர்க்கார் அறிக்கையின்படி 2022-ல் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 71 பங்கு அதிவேகத்தால் நேர்ந்தவை. இத்தொகையை அப்படியே ஏற்பதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால்" என்ற வாசகம் போலீஸ் ஸ்டேஷன்களில் ஏறத்தாழ அச்சடித்த வாசகமாகிவிட்டது. சாலையின் வளைவு தவறாக அமைந்ததா, விளக்கு இல்லையா, நடுச்சாலையில் லாரி நின்றிருந்ததா என்று ஆராய்வதைவிட, டிரைவரின் வேகம் என்று எழுதி முடிப்பது சுலபம். எனினும், காரணம் எதுவாயினும் விபத்தின் கொடுமையை நிர்ணயிப்பது வேகமே என்பதில் சந்தேகமில்லை.

இது கணக்கு விஷயம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் நகர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது சுமார் 28 மீட்டர் நகர்கிறது. எதிரே ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக் கொள்வோம். கண்ணால் கண்டு காலால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடியாவது ஆகும். உலர்ந்த சாலை, நல்ல பிரேக் என்றே கொண்டாலும், முதல் கார் நிற்க 37 மீட்டர் வேண்டும். இரண்டாவது கார் நிற்கச் சுமார் 83 மீட்டர் வேண்டும். அதுமட்டுமல்ல. முதல் கார் நின்றுவிடும் அந்த 37-வது மீட்டரில் இரண்டாவது கார் இன்னும் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கொண்டிருக்கும். ஒருவன் குழந்தையின் முன் நின்று பெருமூச்சு விடும் அதே இடத்தில், மற்றவன் அதைக் கொன்றுவிடுகிறான். இருவரும் ஒரே கணத்தில்தான் பிரேக்கை அழுத்தினார்கள். இருவரும் சமமான சாமர்த்தியசாலிகளே. ஆதலால், "எனக்கு வண்டி கைவசம்" என்று பெருமை பேசுவோரின் வார்த்தையில் சாரமில்லை.

வேகத்துக்குப் பிரதியாகக் கிடைக்கும் லாபம் என்ன? 100 கிலோமீட்டர் தூரத்தை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 75 நிமிஷம் ஆகும்; 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 60 நிமிஷம் ஆகும். மிச்சம் 15 நிமிஷம். அதுவும் சுங்கச் சாவடியும் ஊர்களும் குறுக்கிடாவிட்டால்தான். காலையில் 15 நிமிஷம் முன்னதாக எழுந்திருக்கச் சோம்பல்பட்டுப் பிறர் உயிரைப் பணயம் வைப்பது எந்த நியாயம்?

வேகத்தின் உச்ச வரம்பைப் பற்றி நமது ஹைக்கோர்ட்டில் நடந்த விவாதம் இங்கே கவனிக்கத் தக்கது. மத்திய சர்க்கார் 2018-ம் வருஷம் ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் என்றும், நடுவே தடுப்புள்ள நால்வழிச் சாலைகளில் 100 கிலோமீட்டர் என்றும் வரம்பை உயர்த்தியது. விபத்தில் ஊனமுற்ற ஒருவரின் நஷ்டஈட்டு வழக்கை விசாரித்த சென்னை ஹைக்கோர்ட்டு, அவ்விஷயத்தையும் ஆராய்ந்து 2021-ல் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தது. வேக வரம்பைக் குறைத்துப் புதிய அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும் சொல்லிற்று. எஞ்சின்கள் அபிவிருத்தி அடைந்துவிட்டன, சாலைகளும் செவ்வையாகிவிட்டன என்பது சர்க்கார் தரப்பு வாதம். யந்திரம் திருந்தியது என்பதால் ஓட்டுபவன் திருந்திவிட்டான் என்று ஆகாது என்பது நீதிபதிகள் கண்ட நியாயம். அதையே நாமும் வழிமொழிகிறோம். எஞ்சினின் சக்தி தொழிற்சாலையில் தயாராகிறது. நிதானம் அங்கே தயாராவதில்லை.

இதற்கு மறுப்பாக ஜெர்மனியை உதாரணம் காட்டுவோர் உண்டு. அங்கே "ஆட்டோபான்" என்னும் பெருஞ்சாலைகளின் பல பகுதிகளில் கட்டாய வேக வரம்பே கிடையாது. 130 கிலோமீட்டர் என்பது யோசனை மாத்திரமே. உண்மைதான். ஆனால் அந்தச் சாலைகளில் எப்படிச் செல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வலப்புறம் செல்வது முறை. வலது ஓரத் தடமே எல்லோருக்கும் உரியது; முந்துபவன் மட்டும் இடப்புறத் தடத்துக்கு வந்து, முந்தியதும் மீண்டும் வலப்புறம் ஒதுங்க வேண்டும். வலப்புறமாக முந்துவது குற்றம். சைக்கிளும் மாட்டு வண்டியும் பாதசாரியும் அச்சாலையில் ஏறவே முடியாது. அமெரிக்காவிலோ 1973-ம் வருஷத்துப் பெட்ரோல் பஞ்சத்தை அடுத்து 1974-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வரம்பு விதித்தார்கள். 1973-ல் சுமார் 54,000 ஆக இருந்த சாலை மரணங்கள் 1974-ல் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. பெட்ரோல் கிடைக்காமையால் பிரயாணம் குறைந்ததும் ஒரு காரணம்தான். வேகம் குறைந்ததும் ஒரு காரணம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. வேகம் வேண்டுமானால் கட்டுப்பாடு இருக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லையானால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இரண்டும் வேண்டாம் என்பது நம்மவர் நிலை.

நமது நால்வழிச் சாலைகளில் நடப்பது என்ன? இடப்புறமாகச் செல், வலப்புறமாக முந்து என்பதே சட்டம். 2017-ம் வருஷத்து மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளிலும் இதுவே விதி. ஆனால் பாரம் ஏற்றிய லாரி, நடுத் தடுப்பை ஒட்டிய வலது தடத்தில் அசைந்து அசைந்து செல்கிறது. பின்னால் வரும் கார் சற்று நேரம் ஹாரனை அலற வைத்துப் பார்த்துவிட்டு, இடப்புறமாகப் புகுந்து பாய்கிறது. அங்கே இரு சக்கர வண்டிக்காரர் ஒருவர் தமது பாட்டில் சென்று கொண்டிருக்கிறார். பிறகு நடப்பதை விவரிக்கத் தேவையில்லை.

லாரி டிரைவரை மட்டும் குற்றம் கூறி முடித்துவிடலாமா? அவர்கள் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். இடது தடத்தில் டீக்கடைக்கு முன் நிறுத்திய வண்டிகள், விளக்கின்றி நிற்கும் டிராக்டர், திடீரென்று நிற்கும் பஸ், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள், உலர்த்தப் போட்ட தானியம் எல்லாம் இருக்கின்றன. பாரவண்டிக்கு அடிக்கடி பிரேக் போடுவதும் தடம் மாறுவதும் ஆபத்து. ஆகையால் வலப்புறமே க்ஷேமம் என்கிறார்கள். எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்காரரும் வேண்டுமென்றே வருவதில்லை. அவருடைய கிராமத்தை நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது. முறைப்படி திரும்பவேண்டுமானால் வெகு தூரம் போய் வர வேண்டும். சாலை போட்டவர்கள் சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவரை நினைத்தார்கள். இந்தப் பக்கத்துக் கழனியிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவரை மறந்தார்கள். இது இஞ்சினீயர்களின் பிழை. அபராதம் விதித்து இதைத் தீர்க்க இயலாது.

இருவழிச் சாலையில் ஆபத்து இன்னும் அதிகம். 50 கிலோமீட்டரில் செல்லும் லாரியை 70 கிலோமீட்டரில் செல்லும் கார் முந்த எண்ணுகிறது. லாரியின் நீளமும் முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியும் சேர்ந்து 50 மீட்டர் என்று கொண்டால், அதைக் கடக்க 9 விநாடி பிடிக்கும். அதற்குள் கார் 175 மீட்டர் சென்றிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் பஸ்ஸும் 175 மீட்டர் வந்திருக்கும். ஆகவே 350 மீட்டர் தூரம் எதிர்ப்புறம் காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி முந்தவே கூடாது. புளிய மரங்கள் அடர்ந்த வளைவுகள் மலிந்த கிராமச் சாலைகளில் 350 மீட்டர் நேராகத் தெரியும் இடம் எத்தனை? முந்தப்படுகிறவர் தமது வேகத்தை அச்சமயம் கூட்டலாகாது என்பதும் சாலை விதி. ஆனால் முந்த விடுவதைத் தோல்வியாகவும், முந்துவதை வெற்றியாகவும் எண்ணும் நம்மவர், பக்கத்தில் ஒரு வண்டி வந்தவுடனே வேகத்தைக் கூட்டுகிறார்கள். எதிரே வரும் மூன்றாவது மனிதர் இந்தப் பந்தயத்தில் சேராதவர். சாகிறவர் பெரும்பாலும் அவரே.

சாலைக்கு ஒரு பாஷை வேண்டும். அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னே செல்லும் லாரியின் வலப்புற விளக்கு மினுக்கினால், "நான் வலப்புறம் திரும்புகிறேன்" என்பது சட்டம் தந்த பொருள். "எதிரே வழி இருக்கிறது, முந்திப் போ" என்பது வழக்கத்தில் ஏற்பட்ட பொருள். ஒரே விளக்குக்கு இரண்டு நேர்மாறான அர்த்தங்கள்! எதிரே வருபவர் முன் விளக்கை ஒருமுறை மினுக்கினால், பிற தேசங்கள் பலவற்றில் "நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்று மரியாதையாகக் கொள்வார்கள். நம் நாட்டில் "நான் வருகிறேன், விலகு" என்ற உத்தரவு அது. இரவில் எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும் என்பதை அறியாதவர் இல்லை. எதிரி தாழ்த்தட்டும், பிறகு நான் தாழ்த்துகிறேன் என்று காத்திருப்போரே அதிகம். இருவரும் குருடராகும் அந்தச் சில விநாடிகளில் ஓரமாக நடந்து வரும் கூலிக்காரப் பெண்ணை இருவருமே காண்பதில்லை.

மரியாதை என்பது அலங்காரம் அல்ல. பலமுள்ளவன் பலமற்றவனுக்கு வழிவிடுவதே நாகரிகத்தின் சாரம். நமது சாலைகளில் இருக்கும் தர்மமோ லாரி பஸ்ஸை மிரட்டுவது, பஸ் காரை மிரட்டுவது, கார் சைக்கிளை மிரட்டுவது, எல்லோரும் சேர்ந்து பாதசாரியை மிரட்டுவது என்பதே. மந்திரிகளும் அதிகாரிகளும் தங்கள் கார்களின் தலையில் வைத்துக்கொண்டிருந்த சிவப்பு விளக்கை மத்திய சர்க்கார் 2017-ம் வருஷம் மே மாதம் முதல் அகற்றியது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் காரின் தலையிலிருந்து இறங்கிய விளக்கு, ஓட்டுபவரின் தலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. உண்மையில் முதல் உரிமை பெற வேண்டிய ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று நமக்குச் சொல்ல, 10,000 ரூபாய் அபராதம் விதிக்கும் சட்டத் திருத்தம் 2019-ல் தேவைப்பட்டது.

வேகத்தில் பொருளாதாரமும் கலந்திருக்கிறது. தனியார் பஸ்களுக்கு "டைமிங்" என்பது உயிர். முன்னால் போகும் பஸ் மூன்று நிமிஷம் தாமதித்தால் பின்னால் வருவதன் வசூல் குறையும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கலெக்ஷன் பேட்டா என்று வசூலில் பங்கு வைத்தால், பந்தயம் நடக்காமல் வேறென்ன நடக்கும்? 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. இரவு முழுதும் லாரி ஓட்டிவிட்டுப் பகலிலும் ஓட்டுபவருக்கு இந்த ஷரத்து எட்டாக் கனி. மரணம் நேர்ந்த பின் விதிக்கும் தண்டனையை மட்டும் உயர்த்தினால் போதும் என்ற எண்ணம் தவறு. விபத்து நடந்த இடத்தைவிட்டு ஓடும் டிரைவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்ற புதிய ஷரத்தை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வருஷம் ஜூலை முதல் தேதி புதிய தண்டனைச் சட்டம் அமுலுக்கு வந்தபோது அந்த ஷரத்து மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. தூக்கமின்றி ஓட்டும்படி செய்த முதலாளியை விட்டுவிட்டுத் தூங்கியவனை மட்டும் தண்டிப்பதால் அடுத்த விபத்து நிற்காது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? கோயமுத்தூர் டாக்டர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டியை நியமித்தது. 2017-ல் விரிவான உத்தரவுகளும் பிறப்பித்தது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தை நமது மாநில சர்க்கார் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. இவை நல்ல காரியங்கள். ஆனால் அடிபட்ட பிறகு காப்பதைவிட அடிபடாமல் காப்பது மேல். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவு, குறிப்பிட்ட சாலைகளில் வேகத்தைக் குறைக்க மாநில சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. சென்னை நகரில் 2023 நவம்பரில் கார்களுக்கு 60, பஸ் லாரிகளுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வரம்பு கட்டினார்கள். ஆரணி, போளூர், சேத்துப்பட்டுச் சாலைகளில் கிராமத்தின் எல்லையிலிருந்து மறு எல்லை வரை அப்படி ஏன் கட்டக் கூடாது? பள்ளிக்கூட வாசலிலும் சந்தை முனையிலும் பெரிய பலகை நாட்டுவதற்கு எத்தனை லக்ஷம் வேண்டும்? லாரிகள் ஒதுங்கி நிற்கத் தனி இடமும், கிராமத்தார் செல்லப் பக்கச் சாலையும், நடந்து கடக்கச் சுரங்க வழியும் இல்லாத நெடுஞ்சாலையில் சுங்கம் வசூலிப்பது தர்மமா என்பதையும் சர்க்கார் யோசிக்க வேண்டும்.

சர்க்காரை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதற்கில்லை. இப்பத்திரிகையைப் படிக்கும் பொதுஜன ஊழியர்களை நோக்கி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். மகாநாடு என்றால் நூறு கார்கள், ஒவ்வொன்றிலும் கொடி, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வாலிபர்கள், இரண்டு தடங்களையும் அடைத்துச் செல்லும் அணிவகுப்பு, சுங்கச் சாவடியில் வாக்குவாதம். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. ஏழைகளுக்காகப் பேசப் போகும் அவசரத்தில் ஓரமாகப் போகும் ஏழையைச் சாலையைவிட்டுத் துரத்துகிறோம். தறியில் ஒவ்வோர் இழையும் தன் தன் இடத்தில் ஓடினால்தான் சேலை சேலையாகும். ஓரிழை தாவினாலும் பழுது என்பது ஆரணி நெசவாளி அறிந்த பாடம். கொடி கட்டிய கார் இடப்புறமாகச் சென்று, கிராமத்தில் வேகத்தைக் குறைத்து, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும்வரை நின்று, பிறகு சென்றால் அந்தக் கட்சிக்கு மேடைப் பேச்சைவிட அதிக மதிப்பு ஏற்படும். அடுத்த மகாநாட்டுக்குப் புறப்படும் வண்டிகளிலேயே அதை ஆரம்பிக்கலாம். சட்டமும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். தலைவர்கள் தங்கள் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.